2.8.8.2-க்குப் பிறகு வந்த குழப்பம்: ஆறாம் படிவ மாணவிக்கு ஒரு பதில்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்பகுதியில், செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனை) பால் மரத்துக்கும் (ரப்பர்) நடுவே இருக்கும் ஒரு சிறு பட்டணத்திலிருந்து ஆறாம் படிவ மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டோம். அப்பாவுக்குத் தோட்டத்தில் உரம் போடும் வேலை. அம்மா பால் மரம் வெட்டுகிறார், அதாவது மரப்பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுக்கிறார். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் அறிவியல் பிரிவில் படித்து, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வில் வேதியியலுக்கு ஏ வாங்கியவர்.

அவர் எழுதியதன் சாரம் இது. படிவம் 4-இல் சோடியம் 2.8.1, கால்சியம் 2.8.8.2 என்று எலெக்ட்ரான்களைக் கூடு கூடாக எழுதப் படித்தார். ஒரு நாளும் தவறியதில்லை. இப்போது ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம்-இன் பாடத்தில் 1எஸ், 2எஸ், 2பி என்று புது முறை வந்திருக்கிறது. எலெக்ட்ரான் எந்த வரிசையில் நிரம்பும் என்று காட்டும் சாய்வு அம்புக்குறி போட்ட படத்தை எழுதிச் சுவரில் ஒட்டி, இரண்டு வாரம் மனப்பாடம் செய்தார். முதல் சோதனையில் 20-க்கு 7. "கூட்டிப் பார்த்தேன், எல்லாமே சரியாக வந்தது. எங்கே தப்பு என்றே தெரியவில்லை" என்கிறார். சிவப்பு மை விழுந்த நான்கு விடைகளை அப்படியே பெயர்த்து அனுப்பியிருக்கிறார். சுங்கைப் பட்டாணியில் டியூஷனுக்கு மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்), பஸ் காசு தனி. பெரியப்பா, "தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இதெல்லாம் சிரமம், பேசாமல் கலைப் பிரிவுக்கு மாறிக்கொள்" என்கிறாராம். படிவம் 4-இல் படித்தது பொய்யா, இப்போது எதை மனப்பாடம் செய்வது, டியூஷனுக்குப் போகலாமா, பிரிவு மாறலாமா: இவைதான் அவருடைய கேள்விகள்.

தங்கச்சி, நான்கு விடைகளையும் வரிவரியாகப் பார்த்தேன். "கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. நான்கிலும் எலெக்ட்ரான் எண்ணிக்கை உண்மையிலேயே சரி. கால்சியத்தில் 20, நைட்ரஜனில் 7, இரும்பின் 2+ அயனியில் 24, கார்பனில் 6. ஒன்றுகூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. எலெக்ட்ரான்கள் உட்கார்ந்த இடம்தான் தவறு. கூட்டிப் பார்க்கும் சோதனை எண்ணிக்கைத் தவறை மட்டுமே பிடிக்கும், இடத் தவறைப் பிடிக்காது. நீங்கள் கவனமாகத்தான் செய்திருக்கிறீர்கள். சரிபார்க்கக் கையிலெடுத்த கருவிதான் இந்த வேலைக்குப் போதவில்லை.

படிவம் 4-இல் படித்தது பொய் இல்லை

கால்சியத்தின் சரியான எலெக்ட்ரான் அமைப்பு இது:

1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 4எஸ்²

முன்னால் நிற்கும் பெரிய எண்தான் நீங்கள் பள்ளியில் மலாயில் 'பெத்தாலா' என்று படித்த கூட்டின் எண். அடுத்து வரும் எழுத்து அந்தக் கூட்டுக்குள் இருக்கும் துணைக்கூடு. மேலே சிறிதாக நிற்பது அதிலுள்ள எலெக்ட்ரான் எண்ணிக்கை. ஒரே எண்ணில் தொடங்குபவற்றைக் கூட்டுங்கள். முதல் கூட்டில் 2. இரண்டாம் கூட்டில் 2-உம் 6-உம் சேர்ந்து 8. மூன்றாவதிலும் 8. நான்காவதில் 2. ஆக 2.8.8.2. பழைய எழுத்து முறை வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் சொன்னது. புதியது எந்த அறையில் எத்தனை பேர் என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் சண்டையே இல்லை.

ஆனால் பழைய பாடத்திலிருந்து ஒரு தவறான எண்ணம் உங்களோடு வந்திருக்கிறது. மூன்றாம் கூட்டில் எட்டுக்கு மேல் இடமில்லை என்று நினைக்கிறீர்கள். முதல் 20 தனிமங்களுக்கு அப்படி நினைத்தாலும் விடை சரியாக வந்துவிடும், அதனால் யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். கூட்டின் எண்ணை அதனாலேயே பெருக்கி, வருவதை இரட்டிப்பாக்கினால் அந்தக் கூட்டின் கொள்ளளவு கிடைக்கும்: 2, 8, 18, 32. மூன்றாம் கூட்டுக்கு 18. எட்டு நிறைந்ததும் அடுத்த இரண்டு எலெக்ட்ரான்கள் நான்காம் கூட்டுக்குப் போய்விடுகின்றன. மூன்றாம் கூட்டில் மிச்சமிருக்கும் பத்து இடம் ஸ்காண்டியத்திலிருந்து நிரம்பத் தொடங்குகிறது. பழைய முறையிலேயே எழுதினால் ஸ்காண்டியம் 2.8.9.2, இரும்பு 2.8.14.2, துத்தநாகம் 2.8.18.2. அந்தப் பத்து இடத்துக்குத்தான் 3டி என்று பெயர்.

எழுத்துகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஸ், பி, டி, எஃப் என்ற நான்கும் பழைய நிறமாலை ஆய்வாளர்கள் ஒளிக்கோடுகளுக்கு வைத்த பெயர்களின் முதலெழுத்துகள்: ஷார்ப், பிரின்சிபல், டிஃப்யூஸ், ஃபண்டமெண்டல். ஆங்கிலத்தையே வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைக்கும் இந்த எழுத்துகளைப் பார்த்தால் அர்த்தம் எதுவும் தோன்றாது. இந்தப் பாடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். பெரியப்பாவிடம் மரியாதையோடு இதைச் சொல்லலாம். தமிழ்ப்பள்ளிக்கும் இந்த 7 மதிப்பெண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

மனதில் வைக்க வேண்டிய எண்கள் நான்கே. எஸ்-க்கு ஒரு பெட்டி (ஆர்பிட்டால்), பி-க்கு மூன்று, டி-க்கு ஐந்து, எஃப்-க்கு ஏழு. ஒரு பெட்டியில் அதிகபட்சம் இரண்டு எலெக்ட்ரான், அதுவும் எதிரெதிர்ச் சுழற்சியோடு. 1925-இல் வொல்ஃப்காங் பவுலி சொன்ன தவிர்ப்பு விதி இதுதான். பெட்டிகளை இரண்டால் பெருக்கினால் 2, 6, 10, 14.

சுவரிலிருந்து படத்தை எடுத்துவிட்டு, தனிம அட்டவணையை ஒட்டுங்கள்

சாய்வு அம்புக்குறிப் படம் தவறானதல்ல. இருந்தாலும் அதை மனப்பாடம் செய்து நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தேர்வு அறையில் பதற்றத்தோடு அதை வரையும்போது ஒரு வரிசை பிசகினால், அந்தத் தாளில் எல்லா விடையும் பிசகும். பிசகியதைக் காட்டிக்கொடுக்க அந்தப் படத்தில் எதுவுமில்லை. தனிம அட்டவணையோ அதே வரிசையை வடிவமாகவே வைத்திருக்கிறது. அதன் வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32, 32. இவை மேலே சொன்ன 2, 6, 10, 14-இன் கூட்டல்களே: 2, 2+6, 2+6, 2+10+6 என்று போகும்.

அட்டவணையை நான்கு பேட்டைகளாகப் பாருங்கள். இடப்பக்க இரண்டு நிரல்கள் எஸ். வலப்பக்க ஆறு நிரல்கள் பி. நடுவில் உள்ள பத்து நிரல்கள் டி. கீழே தனியாகப் போட்டிருக்கும் இரண்டு நீள வரிசைகள் எஃப். ஹீலியம் மட்டும் வலக்கோடியில் பி-யின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஆனால் அதன் அமைப்பு 1எஸ்² தான்.

இனி இடமிருந்து வலமாக, ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரி என்று புத்தகம் வாசிப்பது போல வாசியுங்கள். எஸ் பேட்டையிலும் பி பேட்டையிலும் முன்னால் போட வேண்டிய எண், அந்த வரிசையின் எண்ணேதான். டி பேட்டையில் ஒன்று குறைக்க வேண்டும். எஃப் பேட்டையில் இரண்டு குறைக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

புரோமினை எடுத்துக்கொள்வோம். புரோட்டான் எண் 35, நான்காவது வரிசை. அதற்கு முந்தைய வரிசை ஆர்கானில் முடிகிறது, அதுவரை 18 எலெக்ட்ரான். விரலை நான்காவது வரிசையின் தொடக்கத்தில் வையுங்கள். பொட்டாசியம், கால்சியம் இரண்டும் எஸ் பேட்டை, ஆக 4எஸ்². ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்து, டி பேட்டை, நான்கில் ஒன்று குறைத்து 3டி¹⁰. காலியம், ஜெர்மானியம், ஆர்செனிக், செலீனியம், புரோமின் என்று பி பேட்டையில் ஐந்து அடி, ஆக 4பி⁵. ஆர்கான் வரையிலான 18-ஐ [ஆர்கான்] என்று சுருக்கி எழுதுவோம். விடை:

[ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁵

இதே விரலை இன்னும் கீழே கொண்டுபோனால் ஈயமும் வந்துவிடும். புரோட்டான் எண் 82, ஆறாவது வரிசை, முந்தைய மந்த வாயு செனான், 54. பிறகு 6எஸ்², எஃப் பேட்டையில் 4எஃப்¹⁴, டி பேட்டையில் 5டி¹⁰, பி பேட்டையில் இரண்டு அடி 6பி². 54+2+14+10+2 கூட்டினால் 82. மனப்பாடத்துக்கு இதில் வேலையே இல்லை.

தேர்வுத் தாளோடு தனிம அட்டவணை தருவார்களா என்பதை உங்கள் ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தராத சோதனையாக இருந்தாலும் முதல் நான்கு வரிசை, 36 தனிமம், வெற்றுத்தாளில் நீங்களே போட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழக வேண்டும். எஸ்.பி.எம்-இல் முதல் இருபதைப் படித்துவிட்டீர்கள், இன்னும் பதினாறுதான் மிச்சம்.

உங்கள் நான்கு விடைகள்

கால்சியம். நீங்கள் எழுதியது 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்² 3பி⁶ 3டி². மூன்றுக்குப் பிறகு நான்கு என்று எண்களின் ஒழுங்கில் போயிருக்கிறீர்கள், அது யாருக்கும் இயல்பாக வருவதே. அட்டவணையில் கால்சியம் எங்கே இருக்கிறது? இடப்பக்கத்து எஸ் பேட்டையில், நான்காவது வரிசையில். டி பேட்டைக்குள் அது கால் வைக்கவே இல்லை. எனவே கடைசி இரண்டும் 4எஸ்². காரணம் கேட்டால் இப்படி எழுதலாம்: 4எஸ் எலெக்ட்ரான் பெரும்பாலும் வெளியே இருந்தாலும், அதன் பரவலில் ஒரு பகுதி உள் எலெக்ட்ரான்களை ஊடுருவி அணுக்கருவுக்கு மிக அருகே வரை வருகிறது. 3டி அப்படி ஊடுருவுவதில்லை. அதனால் பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் 4எஸ் ஆற்றல் குறைந்த இடமாக இருக்கிறது.

நைட்ரஜன். 2பி-யின் மூன்று பெட்டிகளில் முதலாவதில் ↑↓, இரண்டாவதில் ↑, மூன்றாவது காலி என்று வரைந்திருக்கிறீர்கள் (ஓர் அம்பு ஓர் எலெக்ட்ரான், அம்பின் திசை அதன் சுழற்சி). வேண்டியது மூன்றிலும் தலா ஒரு ↑. ஒரே ஆற்றலுள்ள பெட்டிகள் இருந்தால், எல்லாவற்றிலும் ஒவ்வொன்று போட்ட பிறகே ஜோடி சேர்க்க வேண்டும் என்பது ஹூண்டின் விதி. காலி இருக்கை இருக்கும்வரை யாரும் இன்னொருவர் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று உங்கள் வகுப்பில் சொன்னதாக நீங்கள் குறிப்பிட்டிருக்கும் பஸ் இருக்கை உவமை, தனித்தனியாக உட்காரும் பாதியைத்தான் விளக்குகிறது. தனித்தனியாக உட்கார்ந்த அம்புகள் எல்லாம் ஒரே திசையில் நிற்க வேண்டும் என்ற மறுபாதியை அது சொல்வதில்லை. ↑ ↓ ↑ என்று போட்டாலும் மதிப்பெண் போகும். பெட்டி வரையும்போது ஜோடியில்லாத அம்புகளை எல்லாம் மேல்நோக்கியே போடுவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் வரைதல் ஒழுங்கு இல்லை, அளந்து பார்த்த உண்மை. நைட்ரஜன் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 1402 கிலோஜூல் வேண்டும். அடுத்த தனிமமான ஆக்சிஜனுக்கு 1314 போதும். வரிசையில் வலப்பக்கம் போனால் கூட வேண்டிய எண் இங்கே குறைகிறது. ஆக்சிஜனில் நான்காவது 2பி எலெக்ட்ரான் ஏற்கெனவே ஒன்று இருக்கும் பெட்டிக்குள் போக வேண்டியிருக்கிறது. ஒரே பெட்டியில் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால் பிடுங்குவது எளிதாகிறது. மெக்னீசியம் 738, அலுமினியம் 578 என்று அடுத்த வரிசையிலும் ஓர் இறக்கம் இருக்கிறது. அதற்குக் காரணம் வேறு. அலுமினியத்தின் கடைசி எலெக்ட்ரான் 3எஸ்-ஐவிட ஆற்றல் கூடிய 3பி-யில் இருக்கிறது. இந்த இரண்டு இறக்கங்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது ஜோடியால் வருவது, இரண்டாவது துணைக்கூடு மாறுவதால் வருவது.

இரும்பின் 2+ அயனி. நீங்கள் எழுதியது [ஆர்கான்] 3டி⁴ 4எஸ்². வேண்டியது [ஆர்கான்] 3டி⁶. இரண்டிலும் மொத்தம் 24 வருவதால் கூட்டல் உங்களைக் காப்பாற்றவில்லை. "கடைசியில் போட்டதைத்தானே முதலில் எடுக்க வேண்டும்?" என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அந்த எண்ணமும் பலரிடம் இருப்பதுதான், அதைக் கொஞ்சம் விரிவாகத் திருத்த வேண்டும்.

4எஸ் முதலில், 3டி பிறகு என்ற வரிசை ஒரே அணுவுக்குள் நடக்கும் கதை இல்லை. அட்டவணையில் ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது வரும் வரிசை அது. அப்படிப் போகும் ஒவ்வோர் அடியிலும் அணுக்கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது. இரும்பு, இரும்பு அயனியாக மாறும்போதோ புரோட்டான் 26 அப்படியே இருக்கிறது. ஆகவே ஏறிய வழியிலேயே இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்காண்டியம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மூன்று எலெக்ட்ரான் இழந்த ஸ்காண்டியம் அயனி ஆர்கானைப் போல இருக்கும். அதற்கு ஓர் எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்தால் அது 3டி-க்குத்தான் போகிறது, 4எஸ்-க்கு இல்லை. அமைப்பு [ஆர்கான்] 3டி¹. ஸ்காண்டியம் முதற்கொண்டு 3டி உள்ளே ஆழமாக இறங்கிவிடுகிறது, 4எஸ் வெளியே நிற்கிறது. வெளியே நிற்பதுதான் முதலில் போகும்.

இதற்காகவே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். நிரப்புவதை அட்டவணை வரிசையில் செய்யுங்கள், எழுதுவதைக் கூட்டின் வரிசையில் எழுதுங்கள். அதாவது 3டி முன்னால், 4எஸ் பின்னால். நடுநிலை அணுவுக்கு எந்த வரிசையில் எழுதினாலும் பொருள் ஒன்றே. ஆனால் கூட்டின் வரிசையில் எழுதினால் அயனிக்கு வலக்கோடியிலிருந்து அழித்துக்கொண்டே வரலாம். இரும்பு: [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². வலப்பக்கமிருந்து இரண்டை அழித்தால் 3டி⁶. இன்னொன்றையும் அழித்தால் 3+ அயனி, 3டி⁵. உங்கள் தோட்டத்துச் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் இந்த 3+ இரும்புதான்.

கார்பன். 1எஸ்² 2எஸ்¹ 2பி³ என்று எழுதி, "பாதி நிறைந்தால் நிலைத்தன்மை" என்று காரணமும் கொடுத்திருக்கிறீர்கள். இது அடிநிலை (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) அல்ல. சரியானது 1எஸ்² 2எஸ்² 2பி². நீங்கள் எழுதிய வடிவம் ஆற்றல் கொடுத்துக் கிளர்த்திய நிலை. கார்பன் அணுவை அங்கே ஏற்ற மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல் செலவாகும். பிணைப்புப் பாடத்தில் கார்பன் ஏன் நான்கு பிணைப்பு போடுகிறது என்று விளக்கும்போது இந்த வடிவத்தை மறுபடி பார்ப்பீர்கள். இங்கே கேட்டது தனி அணுவின் அடிநிலை. இந்தத் தவறு அறியாமையால் வந்ததல்ல. குரோமியத்துக்குச் சொன்ன காரணத்தை நீங்கள் எல்லா அணுவுக்கும் சட்டமாக எடுத்துக்கொண்டதால் வந்தது.

குரோமியமும் செம்பும்

குரோமியம் [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹, செம்பு [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்¹. முதல் 36 தனிமங்களில் அட்டவணையை வாசித்து வரும் விடையிலிருந்து விலகுபவை இந்த இரண்டே. மூன்றாவது கிடையாது. நிக்கல்கூட உங்கள் பாடத்தில் 3டி⁸ 4எஸ்² தான். ஆகவே இவ்விரண்டையும் பெயர் சொல்லி நினைவில் வைத்துக்கொண்டு, மற்ற 34-க்கும் அட்டவணையையே நம்புங்கள்.

காரணத்தை அளவோடு சொல்ல வேண்டும். அங்கே 3டி-யும் 4எஸ்-உம் ஆற்றலில் மிக நெருங்கி நிற்கின்றன. குரோமியத்தில் ஓர் எலெக்ட்ரான் 4எஸ்-இல் ஜோடியாக நெருக்கிக்கொண்டு நிற்பதைவிட, 3டி-யில் காலியான ஐந்தாவது பெட்டியில் ஒரே திசைச் சுழற்சியோடு போய் நிற்பது மொத்தக் கணக்கில் லாபம். கார்பனில் 2எஸ்-க்கும் 2பி-க்கும் இடைவெளி பெரியது, அதனால் அந்த லாபம் கட்டுப்படியாகாது. "பாதி நிறைந்தது, முழுதாக நிறைந்தது நிலையானது" என்பது விடைத்தாளில் எழுதத் தக்க சுருக்கம், எங்கும் செல்லும் சட்டமில்லை. குரோமியத்துக்கு நேர் கீழே, ஆறாவது வரிசையில் இருக்கும் டங்ஸ்டன் 5டி⁴ 6எஸ்² என்றே இருக்கிறது. பாதி நிறையும் வாய்ப்பு அதற்கும் இருந்தது, அது எடுத்துக்கொள்ளவில்லை.

எழுதும்போது கை பழக வேண்டியவை

வினாவில் முதலில் இரண்டு விஷயத்தை வட்டமிடுங்கள்: புரோட்டான் எண், மின்சுமை. அயனி கேட்டால் நடுநிலை அணுவை ஓரத்தில் முழுதாக எழுதிவிட்டு, அதன் பிறகே எடுக்கவோ சேர்க்கவோ செய்யுங்கள். நேராக அயனிக்குத் தாவும்போதுதான் 26-லிருந்து 24 ஆக்கி, 24-ஐ நடுநிலை அணுவைப் போல அட்டவணை வரிசையில் நிரப்பிவிடுகிறோம். நேர் அயனி என்றால் பெரிய எண்ணுள்ள கூட்டிலிருந்து எடுக்க வேண்டும். எதிர் அயனி என்றால் அடுத்த காலியிடத்தில் சேர்க்க வேண்டும்.

மந்த வாயுவை அடைப்புக்குறிக்குள் போட்டுச் சுருக்கலாம், ஆனால் வினா முழு அமைப்பைக் கேட்டால் சுருக்கக் கூடாது. அடைப்புக்குறிக்குள் மந்த வாயு மட்டுமே வரும், [கால்சியம்] 3டி⁶ என்றெல்லாம் எழுத முடியாது. நான் இங்கே தமிழில் எழுதுகிறேன், விடைத்தாளில் அந்த நான்கும் ஆங்கிலச் சிறிய எழுத்துகள். எலெக்ட்ரான் எண்ணிக்கை எழுத்தின் தோள்மேல் சிறியதாக உட்கார வேண்டும். அவசரத்தில் அது இறங்கி 3டி6 என்று ஒரே வரிசையில் நின்றுவிட்டால் திருத்துபவருக்குப் படிக்கச் சிரமம்.

சரிபார்ப்புக்கு இனி இரண்டு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியா? நடுநிலை அணுவின் கடைசி எலெக்ட்ரான் விழுந்த பேட்டையும், அட்டவணையில் அந்தத் தனிமம் நிற்கும் பேட்டையும் ஒன்றா? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டிருந்தால் கால்சியம் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

பயிற்சிக்குப் புத்தகம் தேட வேண்டாம். அப்பா தூக்கும் உர மூட்டைகளே போதும். எம்.ஓ.பி என்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியம் [ஆர்கான்] 4எஸ்¹, ஒன்றை இழந்து ஆர்கான் ஆகிறது. குளோரின் [நியான்] 3எஸ்² 3பி⁵, ஒன்றை வாங்கி அதுவும் ஆர்கான் ஆகிறது. ஒரே மூட்டைக்குள் 18 எலெக்ட்ரான் உள்ள இரண்டு அயனிகள், கரு மட்டும் ஒன்றில் 19, இன்னொன்றில் 17. எது பெரியது என்று யோசித்துப் பாருங்கள், அடுத்த அத்தியாயமே அதுதான். (குளோரைடுதான் பெரியது. இழுக்கும் புரோட்டான் இரண்டு குறைவு.) கீசரைட் மூட்டையில் மெக்னீசியம் 2+ இருக்கிறது. செம்பனைக்குப் போடும் போரேட்டில் போரான் இருக்கிறது, 1எஸ்² 2எஸ்² 2பி¹. சதுப்பு மண்ணில் நட்ட செம்பனைக்குச் செம்பு பற்றாமல் போவதால் மயில்துத்தம் கொடுப்பதுண்டு. அதிலிருப்பது செம்பின் 2+ அயனி. நடுநிலைச் செம்பு 3டி¹⁰ 4எஸ்¹. வலக்கோடியிலிருந்து எடுத்தால் முதலில் 4எஸ்¹ போகும், பிறகு 3டி-யிலிருந்து ஒன்று, மிச்சம் [ஆர்கான்] 3டி⁹. இதை முதல் தடவையிலேயே சரியாக எழுதிவிட்டால் இந்தப் பாடம் உங்கள் கைக்கு வந்துவிட்டது.

நாளுக்கு அரை மணி நேரம், பத்து நாள் போதும் என்பது என் கணிப்பு. முதல் நான்கு நாள் 36 தனிமத்தையும் ஒன்பது ஒன்பதாக, அட்டவணை மேல் விரல் வைத்து. அடுத்த மூன்று நாள் அட்டவணையை மூடிவிட்டு, நீங்களே வரைந்த வெற்றுக் கட்டத்தை வைத்து. கடைசி மூன்று நாள் அயனியும் பெட்டிப் படமும் மட்டும்.

டியூஷன், பிரிவு மாற்றம்

இந்த ஓர் அத்தியாயத்துக்காக மாதம் 120 வெள்ளியும் பஸ் காசும் கொடுக்க வேண்டாம். போகவர ஆகும் நேரத்தில் மேலே சொன்ன பயிற்சி முடிந்துவிடும். வேதியியலில் பின்னால் வேறு பகுதிகள் கடினமாக இருந்து, பள்ளி ஆசிரியரிடம் கேட்டும் தெளியவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம். வீட்டில் காசு புரட்டுவதற்கு முன், திருத்திய தாளோடு ஆசிரியரிடம் போய் உட்கார்ந்து விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று போய் நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. "இந்த விடையில் எண்ணிக்கை சரி, இடம் ஏன் தவறு?" என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

பிரிவு மாறுவதைப் பொறுத்தவரை, வரலாறோ பொருளாதாரமோ உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால் மாறுவது நல்ல முடிவுதான். கலைப் பிரிவு தோற்றவர்கள் போகும் இடமில்லை. ஆனால் நீங்கள் மருந்தாளர் ஆக விரும்புவதாகக் கடிதத்தின் இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வழிக்கு வேதியியல் கட்டாயம் வேண்டும். ஒரு முறை விட்டால் திரும்பி வருவது கடினம். ஒரே ஒரு சிறு சோதனையை வைத்து அந்தக் கதவை மூடாதீர்கள். இந்தச் சோதனையின் மதிப்பெண் எஸ்.டி.பி.எம் முடிவில் சேராது. முதல் செமஸ்டர் தாளே எதிர்பார்த்தபடி அமையாமல் போனாலும், அதை மறுபடி எழுதும் வழி இருக்கிறது.

இந்த அத்தியாயத்தைத் தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அயனியாக்க ஆற்றல், பிணைப்பு, இரண்டாம் செமஸ்டரில் வரும் இடைநிலைத் தனிமங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. குடும்பத்தில் முடிவெடுக்கும் பேச்சை ஒரு மாதம் தள்ளி வைக்கச் சொல்லிப் பெரியப்பாவிடம் கேளுங்கள். பத்து நாள் பயிற்சிக்குப் பிறகு அதே சோதனைத் தாளை, விடைகளை மறைத்துவிட்டு, நேரம் வைத்து மறுபடி எழுதுங்கள். புது மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு அந்தப் பேச்சுக்கு உட்காருங்கள்.